ஓடுபாதையே பின்னால் ஓடினால் விமானம் எழும்புமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஓடுபாதை முழுவதும் ஒரு பெரிய கன்வேயர் பெல்ட். அதன்மேல் ஒரு பயணிகள் விமானம். விமானம் முன்னால் எவ்வளவு வேகத்தில் போகிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னால் ஓடுகிறது. விமானம் எழும்புமா, இல்லை நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றிக்கொண்டு கிடக்குமா? எழும்பும் என்கிறார் உங்கள் மகன். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். எழும்பும் என்பது உண்மையானால், நிலத்துக்கு இவ்வளவு தட்டுப்பாடு உள்ள சிங்கப்பூரில் நான்கு கிலோமீட்டர் ஓடுபாதை எதற்கு, இப்படி ஒரு பெல்ட்டைப் போட்டு இடத்தை மிச்சப்படுத்தலாமே என்று. உங்கள் உண்மையான சந்தேகம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 'எழும்பும்' என்பவர்கள், விமானம் நின்ற இடத்திலிருந்தே மேலே போகும் என்று சொல்வதாக நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது வேறு. அந்தப் பெல்ட்டால் விமானத்தை நிறுத்தி வைக்கவே முடியாது என்கிறார்கள்.

நான் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர். விமானம் வந்து நின்றதிலிருந்து மறுபடி புறப்படும்வரை அதைச் சுற்றி வந்து பார்ப்பது எங்கள் வேலை. டயர், சக்கரம், பிரேக் எல்லாம் தினமும் கைபடும் பொருட்கள். நான் விமானி இல்லை, காற்றியக்கவியலில் ஆராய்ச்சி செய்தவனும் இல்லை. அதனால் எது உறுதி, எது நான் போடும் தோராயக் கணக்கு என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். நீங்கள் கேட்ட வடிவத்துக்கு நேரடியான பதில்: எழும்பும். கிட்டத்தட்ட வழக்கமாக ஓடும் தூரத்தையே ஓடி, வழக்கமான வேகத்தை எட்டி, வழக்கம்போலவே எழும்பும். சக்கரங்கள் மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். இதுவரை சொன்னதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

மனம் ஒப்பாததற்குக் காரணம் நமக்கெல்லாம் பழகிப்போன கார்தான். காரில் இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது, சக்கரம் சாலையைப் பின்னால் தள்ளுகிறது, அதனால் கார் முன்னால் போகிறது. சாலையே பின்னால் ஓடினால் அந்த உழைப்பு அத்தனையும் வீண். கார் நின்ற இடத்தில் நிற்கும். விமானத்தில் இந்தச் சங்கிலியே கிடையாது. இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு ஷாஃப்ட் இல்லை, கியர் இல்லை. சக்கரம் அச்சில் பேரிங்கின்மேல் தன்பாட்டுக்குச் சுற்றும் ஒரு உருளை; எடையைத் தாங்குவதும் பிரேக் பிடிக்க இடம் கொடுப்பதும் மட்டுமே அதன் வேலை. இதற்குச் சான்று சாங்கியில் எந்த நுழைவாயில் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் கிடைக்கும். புறப்படும் விமானத்தை ஒரு இழுவை வண்டி வந்து பின்னால் தள்ளிவிடுகிறது. காரைப்போல ரிவர்ஸ் கியர் போட்டுச் சக்கரத்தைப் பின்னால் சுற்ற அதற்கு வழியில்லை. முனையத்திலிருந்து ஓடுபாதை வரை மெதுவாக ஊர்ந்து போவதும் இன்ஜின் தரும் உந்துவிசையால்தான். விமானம் எழும்பிய பிறகும் சக்கரங்கள் வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றை உள்ளே மடக்கும்போது பிரேக் தானாகப் பிடித்து அவற்றை நிறுத்தும்படி பல விமானங்களில் ஏற்பாடு இருக்கிறது.

அப்படியானால் இன்ஜின் எதைத் தள்ளுகிறது? காற்றை. முன்னால் இருக்கும் காற்றை இழுத்து, அதிக வேகத்தில் பின்னால் வீசுகிறது. அதற்கு எதிர்விசையாக விமானம் முன்னால் தள்ளப்படுகிறது. ஜெட் இன்ஜினுக்கும் சரி, காற்றாடி வைத்த சிறு விமானத்துக்கும் சரி, இதுதான் விதி. தரை நின்றாலும் ஓடினாலும் இந்தத் தள்ளலுக்கு ஒன்றும் ஆகாது. விமான நிலையத்துக்கு உள்ளேயே ஒரு உதாரணம் பாருங்கள். டிராவலேட்டர், அதாவது நகரும் நடைபாதை, உங்களை நோக்கி ஓடி வருகிறது. அதன்மேல் ஒரு பெட்டி வண்டி இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் அசையாத தரையில் நடந்தபடி, கையை நீட்டி அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். நடுவில் உள்ள கைப்பிடிச் சுவர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி உங்களோடு வருமா, வராதா? நிச்சயம் வரும். அதன் சக்கரங்கள் படபடவென்று வேகமாகச் சுற்றும், கையில் இழுப்பு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். உங்கள் கால் ஊன்றியிருப்பது டிராவலேட்டரில் இல்லை. விமானத்துக்கு அந்த அசையாத தரை, சுற்றியுள்ள காற்று.

கையில் தெரியும் அந்தக் கொஞ்சம் இழுப்பைத்தான் இப்போது அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் பெல்ட்டுக்கு விமானத்தின்மேல் இருக்கும் ஒரே பிடி அதுதான். டயர் உருளும்போது நசுங்கி விரிவதால் வரும் எதிர்ப்பு, பேரிங்கில் உள்ள உராய்வு, இவை இரண்டையும் சேர்த்து உருளல் உராய்வு என்கிறோம். கான்கிரீட் அல்லது தார்ப்பாதையில் விமான டயருக்கு இது எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இங்கே நிறையப் பறக்கும் போயிங் 777-300ஈஆர் விமானத்தை வைத்துக் கணக்குப் போடலாம். அது புறப்படக்கூடிய உச்ச எடை சுமார் 351 டன். ஒன்றரை விழுக்காடு என்றால் ஐந்து டன் சொச்சம். அதாவது ஐந்து டன் எடைக்குச் சமமான விசை கொடுத்தால் அந்த மாபெரும் விமானம் உருளத் தொடங்கிவிடும். அதன் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து தரக்கூடிய உந்துவிசை 100 டன்னுக்கும் மேல். பெல்ட் எவ்வளவு ஆவேசமாக ஓடினாலும் அது பின்னால் இழுக்கும் விசை இந்த ஐந்து டன்னைச் சுற்றித்தான் இருக்கும். வேகம் கூடக் கூட டயரின் உராய்வும் ஓரளவு கூடும் என்பது உண்மை. சரி, இரண்டு மடங்காகவே ஆகட்டும். அப்போதும் 100 டன்னுக்கு எதிரே 10 டன். விமானம் சற்று மெதுவாக வேகம் பிடிக்கும், ஓட்டம் கொஞ்சம் நீளும், எழும்புவது நிற்காது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஓடாமல், பிரேக் பிடித்த நிலையில் விமானம் நிற்கிறது, பெல்ட் நகரத் தொடங்குகிறது என்றால், பெட்டிகளை எடுத்துப்போகும் பெல்ட்டைப்போலவே விமானத்தையும் அப்படியே பின்னால் கொண்டுபோய்விடும். பிரேக்கை விட்டால் அந்த ஐந்து டன் இழுப்பு மட்டும் மெல்லப் பின்னால் நகர்த்தும். இன்ஜின் விசையைக் கூட்டும் நெம்புகோலான த்ராட்டிலை விமானி கொஞ்சம் முன்னால் தள்ளினால் அதுவும் நின்றுவிடும். அதற்குமேல் கொடுக்கும் விசை அத்தனையும் விமானத்தை முன்னால் கொண்டுபோகத்தான். 'பெல்ட் பின்னால் இழுக்கும்' என்று சொல்பவர்கள் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. இழுக்கத்தான் செய்யும், அந்த இழுப்பின் அளவைத்தான் அவர்கள் மிகப் பெரிதாக நினைத்துவிடுகிறார்கள்.

வேகம் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. விமானத்துக்கு மூன்று வேகங்கள் உண்டு: காற்றோடு ஒப்பிட்ட வேகம், நிலத்தோடு ஒப்பிட்ட வேகம், சக்கரம் சுற்றும் வேகம். சாதாரண ஓடுபாதையில், காற்றே வீசாத நாளில், மூன்றும் ஒன்றாகவே இருப்பதால் நாம் பிரித்துப் பார்ப்பதில்லை. பெல்ட் வந்தவுடன் மூன்றாவது தனியாகப் பிரிந்துவிடுகிறது. எழும்பலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பது முதல் வேகம் மட்டுமே. விமானியின் திரையில் பெரிதாகத் தெரிவதும் அதுதான். மூக்குப் பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோ குழாய்கள் எதிர்க்காற்றின் அழுத்தத்தை அளந்து அதைத் தருகின்றன. நாங்கள் அந்தக் குழாய்களுக்கு மூடி போட்டு வைப்பதும், புறப்படும் முன் மூடியை எடுத்தாகிவிட்டதா என்று மறுபடி மறுபடி பார்ப்பதும் இதனால்தான். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் உணர்கருவியும் விமானத்தில் இருக்கிறது. அதன் முக்கியமான வேலை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் பார்த்துக்கொள்வது.

காற்று எவ்வளவு முக்கியம் என்பதற்கு சாங்கியின் ஓடுபாதைகளே சாட்சி. அவற்றின் முனைகளில் 02, 20 என்ற எண்கள் இருக்கும். காந்தத் திசைகாட்டியில் 20 பாகை, 200 பாகை என்பதன் சுருக்கம் அது. அதாவது பாதைகள் கிட்டத்தட்ட வடக்கு தெற்காகக் கிடக்கின்றன, நம் இரண்டு பருவக்காற்றுகளையும் எதிர்கொள்ள வசதியாக. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது பெரும்பாலும் வடக்கு நோக்கிப் புறப்படுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் பெரும்பாலும் தெற்கு நோக்கி. எதிர்க்காற்று 10 நாட் (மணிக்கு சுமார் 18.5 கி.மீ.) இருந்தால், எழும்பத் தேவையான வேகத்தில் 10 நாட் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. அதே 10 நாட் வாலுக்குப் பின்னாலிருந்து வீசினால் ஓடுபாதையில் கூடுதலாக எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும். தரை 10 நாட் வேகத்தில் நகர்ந்தால் என்ன ஆகும்? இறக்கைக்கு அது தெரியவே தெரியாது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடித்து வரும் சூறைக்காற்றை நினைத்துப் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும் சிறு விமானங்களைக் கயிறு போட்டுத் தரையில் கட்டி வைப்பது அந்த மாதிரிக் காற்றுக்குப் பயந்துதான். சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாமல், போதுமான காற்று இறக்கைமேல் பாய்ந்தால் விமானம் தூக்கிக்கொள்ளப் பார்க்கும்.

இப்போது 'எழும்பாது' என்பவர்களின் பக்கம் உள்ள நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விமானம் உண்மையிலேயே நின்ற இடத்தில் நின்றால், இன்ஜின் எவ்வளவு அலறினாலும் அது எழும்பாது. இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. இன்ஜினில் பெரிய வேலை முடிந்ததும் விமானத்தை நிறுத்தி வைத்து, பிரேக் பிடித்து, சக்கரத்துக்கு அணை கொடுத்து, உயர்ந்த விசையில் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. உள்ளே உட்கார்ந்திருக்கும்போது விமானம் முழுக்க அதிரும், மூக்கு சற்று அழுந்தும், ஆனால் இறக்கை தூக்கும் உணர்வு துளிகூட இருக்காது. இன்ஜின் உறிஞ்சும் காற்று இறக்கைமேல் பாய்ந்து தூக்கிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள். பயணிகள் ஜெட்டில் இன்ஜின் இறக்கைக்குக் கீழே, முன்னால் தள்ளித் தொங்குகிறது. அது இழுக்கும் காற்று இறக்கையின் மேற்பரப்பை எழும்பும் அளவுக்கு வருடிச் செல்வதில்லை. காற்றாடி விமானத்தில் காற்றாடியின் வீச்சு இறக்கையின் ஒரு பகுதியில் படும், ஆனாலும் சாதாரண விமானத்தைத் தூக்க அது போதாது. சிங்கப்பூர் ஆகாயப்படைக்கு வாங்கப்படும் எஃப்-35பி போன்றவை வேறு இனம். அவை உந்துவிசையையே கீழ்நோக்கித் திருப்பி எடையைத் தாங்கக்கூடியவை, அவற்றை இந்தக் கேள்விக்குள் கொண்டுவரக் கூடாது. ஆக, நின்ற விமானம் எழும்பாது என்ற உங்கள் உள்ளுணர்வு சரியானது. பெல்ட் அதை நிறுத்தி வைக்கும் என்ற முதல் படியில்தான் பிசகு.

ஆனால் இந்தப் புதிரை எல்லோரும் ஒரே மாதிரி சொல்வதில்லை. வீட்டில் வாக்குவாதம் முடியாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். நீங்கள் எழுதியபடி, விமானம் முன்னால் போகும் வேகத்துக்குச் சமமாக பெல்ட் பின்னால் ஓடுகிறது என்றால், அது தெளிவான, சாத்தியமான நிபந்தனை. விமானம் மணிக்கு 300 கி.மீ., பெல்ட் மணிக்கு 300 கி.மீ., சக்கரம் மணிக்கு 600 கி.மீ., முடிந்தது. இன்னொரு வடிவத்தில் 'சக்கரம் சுற்றும் வேகத்துக்குச் சமமாக பெல்ட் ஓடுகிறது' என்று சொல்வார்கள். கேட்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் இது முற்றிலும் வேறு கணக்கு. சக்கரத்தின் வேகம் என்பது விமானத்தின் வேகமும் பெல்ட்டின் வேகமும் சேர்ந்த கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை பெல்ட்டின் வேகத்துக்கே சமம் என்றால் விமானத்தின் வேகம் பூச்சியம் என்று ஆகிறது. அதாவது கேள்வியிலேயே 'விமானம் நகரக் கூடாது' என்று விதித்துவிட்டு, நகருமா என்று கேட்கிறார்கள். விமானம் ஒரு அடி முன்னால் போனாலும் நிபந்தனை உடைந்துவிடும். அதைக் காப்பாற்ற பெல்ட் மேலும் வேகம் எடுக்கும், சக்கரமும் வேகம் எடுக்கும், இப்படியே முடிவில்லாமல் ஏறிக்கொண்டு போகும்.

அப்படி ஒரு பெல்ட்டை உண்மையிலேயே செய்துவிட்டால் விமானத்தை நிறுத்த முடியுமா? விடை சுவாரஸ்யமானது: கொள்கையளவில் முடியும், கொஞ்ச நேரத்துக்கு. காரணம் உராய்வு இல்லை, சக்கரத்தின் எடை. ஒரு சக்கரத்தை மேலும் மேலும் வேகமாகச் சுற்றச் செய்ய விசை வேண்டும், அந்த விசை அச்சின் வழியாக விமானத்தைப் பின்னால் இழுக்கும். பெல்ட் ஒரே வேகத்தில் ஓடினால் இந்த இழுப்பு இல்லை. வேகம் ஏறிக்கொண்டே இருந்தால்தான் உண்டு. 777-300ஈஆரில் 14 சக்கரங்கள். டயர், சக்கரம், அதோடு சேர்ந்து சுற்றும் பிரேக் தட்டுகள் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 200 கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். சரியான எடை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், முடிவு மாறாது. இவற்றை வைத்து 100 டன் உந்துவிசையைச் சமன் செய்ய வேண்டுமானால் பெல்ட்டின் வேகம் ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 2,000 கி.மீ. வீதம் ஏறிக்கொண்டே போக வேண்டும். முதல் விநாடியிலேயே ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். டயர் தாங்கும் எல்லையைத் தாண்ட ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதற்கப்புறம் நடப்பதை இயற்பியல் வினாத்தாள் கேட்காது, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் முதலில் கண்முன் வரும். ஆகவே 'எழும்பாது' என்பவர்கள் இந்த இரண்டாம் வடிவத்தை மனத்தில் வைத்திருந்தால், காகிதத்தில் அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் மகனும் நீங்களும் எந்த வடிவத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை முதலில் ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு விட்டுவிட்ட ஒன்றும் இருக்கிறது. நீளமான ஒரு பெல்ட் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடினால் தன் மேற்பரப்பை ஒட்டிய காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்தக் காற்று விமானத்துக்கு எதிர்க்காற்றாக வரும், அதாவது எழும்ப உதவும். எவ்வளவு உதவும் என்பது பெல்ட்டின் நீளம், அது எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இறக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்தது. எப்படியும் அது எழும்புவதற்குச் சாதகமான திருத்தமே, பாதகமானது இல்லை.

இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் மித்பஸ்டர்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், மிக இலேசான ஒரு சிறு விமானத்தை நீண்ட தார்ப்பாய் விரிப்பின்மேல் நிறுத்தி, விமானம் ஓடும்போது அந்த விரிப்பை ஒரு வண்டியால் எதிர்த்திசையில் இழுத்தார்கள். விமானம் முன்னால் ஓடி எழும்பியது. விரிப்பின் வேகமும் விமானத்தின் வேகமும் ஒவ்வொரு கணமும் துல்லியமாகச் சமமாக இருந்ததா என்று குறை சொன்னவர்கள் உண்டு. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் அந்தத் துல்லியம் தேவையே இல்லை என்பது புரியும். விரிப்பு பாதி வேகத்தில் போனாலும் இரண்டு மடங்கு வேகத்தில் போனாலும் இழுப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பெரிய விமானத்தில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டால், என் கவலை டயரைப் பற்றியது. புதிர்களில் இதை யாரும் பேசுவதில்லை. கார் டயரில் காற்றழுத்தம் 30 சொச்சம் பிஎஸ்ஐ என்றால், பெரிய விமானத்தின் டயரில் 200-க்கு மேல், அதுவும் நைட்ரஜன். பெரிய ஜெட் டயர்களின் பக்கவாட்டிலேயே அது தாங்கும் உச்ச வேகம் எழுதியிருக்கும். 777 போன்றவற்றில் அது மணிக்கு 235 மைல், சுமார் 378 கி.மீ. முழுச் சுமையோடு அந்த விமானம் எழும்பும் வேகம் மணிக்கு 300 கி.மீ. அளவில் இருப்பதால் சாதாரண ஓடுபாதையில் போதிய இடைவெளி இருக்கிறது. உங்கள் பெல்ட்டில் அதே டயர் 600 கி.மீ. வேகத்தில் சுற்ற வேண்டும். எல்லையைத் தாண்டிய உடனே வெடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், எந்தத் தயாரிப்பிலும் கொஞ்சம் உபரி பலம் வைத்திருப்பார்கள். ஆனால் சுழற்சியால் டயரைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் அது நான்கு மடங்கு. டயர் நசுங்கி விரிவதால் எழும் வெப்பமும் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்கு எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார்.

டயர் விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1970-களின் கடைசியில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு அதை ஓட்டின. அப்போது சாங்கி திறக்கப்படவில்லை, பாய லேபார் விமான நிலையத்தில்தான் வந்து இறங்கும். அதன் முக்கோண இறக்கைக்கு எழும்பவே மணிக்கு 400 கி.மீ. அளவுக்கு வேகம் வேண்டும், அதனால் டயர்களுக்குச் சுமை அதிகம். 2000-ஆம் ஆண்டு ஜூலையில் பாரிஸில் ஒரு கான்கார்ட் புறப்படும்போது, ஓடுபாதையில் கிடந்த உலோகத் துண்டு ஒன்று டயரைக் கிழித்தது. பிய்ந்த ரப்பர் துண்டு இறக்கையின் அடிப்பாகத்தைத் தாக்கி, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் நான்கு பேரும் உயிரிழந்தார்கள். ஓடுபாதையைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருப்பதும், ஒவ்வொரு முறையும் டயரில் வெட்டு, வீக்கம் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் சம்பிரதாயத்துக்காகச் செய்யும் வேலை இல்லை.

இனி உங்கள் நிலக் கேள்வி. பெல்ட் பின்னால் ஓடினால் ஓடுபாதை ஒரு மீட்டர்கூடக் குறையாது. விமானம் நிலத்தைப் பொறுத்தும் காற்றைப் பொறுத்தும் அதே 300 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டும், அதற்குக் குறைந்தது அதே தூரம் ஓட வேண்டும். சாங்கியின் ஓடுபாதைகள் 4 கி.மீ. நீளம் என்றால், அந்தப் பெல்ட்டும் அதே நீளத்துக்கு வேண்டும். சரி, பெல்ட்டை முன்னால் ஓடவிட்டு, பிரேக் பிடித்த விமானத்தை அதுவே தூக்கிக்கொண்டு ஓடினால்? அப்போது பெல்ட் விமானத்துக்கு உதவும். விமானந்தாங்கிக் கப்பலில் இருக்கும் கவண் இயந்திரம் செய்வது இந்த வேலையைத்தான். கப்பலே காற்றை எதிர்த்து வேகமாகப் போவதும் இன்னொரு உதவி. ஆனால் தூரத்தைக் குறைக்க வேண்டுமானால் முடுக்கத்தைக் கூட்டியாக வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு 777 மணிக்கு 300 கி.மீ. வேகம் எடுக்க வேண்டும் என்றால், அதன் இரண்டு இன்ஜின்களும் தருவதைப்போல நான்கு மடங்கு விசை தேவை. பயணிகள் ஒவ்வொருவரும் தங்கள் எடையைவிட அதிகமான விசையால் இருக்கையில் அழுத்தப்படுவார்கள், குழந்தைகளும் முதியவர்களும் உட்பட. போர் விமானத்தின் சக்கரக் கால்களையும் உடற்பகுதியையும் அதற்கென்றே பலமாகக் கட்டுகிறார்கள். பயணிகள் விமானத்தில் அந்தப் பலத்தைச் சேர்த்தால் எடை ஏறும், சுமக்கும் பயணிகள் குறைவார்கள்.

அப்புறம், ஓடுபாதையின் நீளத்தைத் தீர்மானிப்பது எழும்பும் ஓட்டம் மட்டும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இன்ஜின் பழுதானால், ஒரு குறிப்பிட்ட வேகம் வரை விமானி புறப்பாட்டைக் கைவிட்டு நிறுத்த முடிய வேண்டும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே இன்ஜினோடு எழும்ப முடிய வேண்டும். இரண்டுக்கும் பாதையில் இடம் இருக்க வேண்டும். இறங்கும் விமானத்துக்கும் இடம் வேண்டும், மழை பெய்து பாதை நனைந்திருந்தால் இன்னும் அதிகமாக. நம் ஊர் வெயிலில் காற்று சூடாகி அடர்த்தி குறைவதால் இறக்கைக்கும் இன்ஜினுக்கும் கிடைக்கும் விசை குறைந்து, எழும்பும் ஓட்டம் நீளும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு. குறைந்த நீளத்தில் வேலை நடக்க வேண்டுமானால் விமானத்தைத்தான் மாற்ற வேண்டும். சிலேத்தார் விமான நிலையத்தின் ஓடுபாதை 1,836 மீட்டர்தான். ஏடிஆர் 72 போன்ற டர்போ காற்றாடி விமானங்களுக்கு, எடை குறைவு, எழும்பும் வேகமும் குறைவு என்பதால், முழுச் சுமையிலும் 1,300 மீட்டர் அளவே போதும். லண்டன் வரை நிற்காமல் பறக்க எரிபொருளை நிரப்பிக்கொண்டு 350 டன்னோடு கிளம்பும் விமானத்துக்கு அந்தப் பாதை போதாது, அதன் அடியில் எப்படிப்பட்ட பெல்ட்டை ஓடவிட்டாலும்.